சாவிக்கொத்தின் துரை

வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று யார் சொன்னாலும் சாவிக்கொத்து ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் காவல் காக்கும் பங்களாவில் ஒரு துரை இன்னும் குடியிருக்கிறார். சுவரில்.

சாவிக்கொத்து கன்னிவாடிக்காரர். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கே அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. இடுப்பில் எப்போதும் பதினோரு சாவிகள். பங்களாவில் உருப்படியான பூட்டு ரெண்டே ரெண்டு.

"மத்த ஒம்பதும் எதுக்குண்ணே?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"பூட்டு போனா சாவியத் தூக்கிப் போட்ருவீகளோ? நல்ல நாயமா இருக்கே!" என்று முறைத்தார்.

அந்தக் காலத்தில் மலையேறி வந்து முதன்முதலில் வீடு கட்டிய குடும்பங்களில் ஒன்றின் பங்களா அது. கட்டிய துரையின் படம் கணப்புக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள், மாலையும் சந்தனப் பொட்டுமாகத் தாடியோடு தொங்கும். தினமும் நாலு மணிக்குக் கணப்பை மூட்டி, துரைக்கு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் படைப்பார் சாவிக்கொத்து. அமாவாசை என்றால் வடை. துரை ஒரு வடையையாவது ருசித்திருப்பாரா, பாவம்! எல்லாம் போய்ச் சேரும் வயிறு எதுவென்று ஊருக்கே தெரியும். டூரிஸ்ட்டுகள் எட்டிப் பார்த்தால், "செருப்பக் கழட்டுங்க, பெரியவரு இருக்காரு" என்று அதட்டல் வேறு.

போன மழைக்காலத்தில் துரையின் கொள்ளுப்பேத்தி வெளிநாட்டிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. பங்களாவை இடித்து ஓட்டல் கட்ட ஒருவர் தயாராக இருந்தார். அவள் கையெழுத்துதான் பாக்கி. சாவிக்கொத்து ஆடிப்போய்விட்டார்.

"பெரியவரு பாத்துக்கிடுவாரு சார்" என்றார் என்னிடம்.

வந்தாள். சரியாக நாலு மணி. மொழிபெயர்க்க நான். படத்தைப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இவர் எங்கள் கொள்ளுத்தாத்தாவே இல்லை. எங்கள் ஊர் பிஸ்கட் டப்பா மூடியில் இருக்கிற ஆள்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை நாள் அந்த மூடிக்கு முன்னால் நானும் கும்பிட்டிருக்கிறேன்! சாவிக்கொத்து தலையைச் சொறிந்தார்.

"நெசப் படத்தக் கரையான் தின்னுருச்சும்மா, இருவது வருசமாச்சு. கட்டுன பெரியவரு படம் இல்லாட்டி வீடு அநாதையாயிரும்ல? பரண்ல டப்பா கெடந்துச்சு. தாடியும் அச்சு அசல் அவருதேன்."

நான் சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு அடங்கியது. "எங்கள் வீட்டில் யாருமே அவரை ஒரு நாள்கூட நினைத்துக்கொண்டதில்லை" என்றாள். கணப்பருகே உட்கார்ந்து, துரைக்கு வைத்த டீயை எடுத்துக் குடித்தாள். கையெழுத்துப் போடாமலே ஊருக்குப் போனாள்.

மறுமாதம் அசல் துரையின் படத்தை அனுப்பிவைத்தாள். மழுமழுவென்ற முகம். தாடியாவது, மண்ணாவது! சாவிக்கொத்து அசரவில்லை. பிஸ்கட்காரருக்குக் கீழே அதை மாட்டினார்.

"இவரு இப்பத்தேன் வந்துருக்காரு, கீழயே இருக்கட்டும். வீட்டக் காப்பாத்துனது மேல இருக்கவரு சார்."

காப்பாற்றியது யாரென்று எனக்குத் தெரியும். பழனியாண்டவா, அந்த மனுஷனுடைய படம் மட்டும் மாலையும் பொட்டுமாக அந்தச் சுவரில் ஏறவே வேண்டாம்.