நாற்றுமேடைக்குப் போன இரண்டு மூட்டை

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். நான் முதலில் கண்டது, எங்கள் தோட்டத்து டீ மேக்கர் ஓடிவருவதை. தொழிற்சாலைக்குப் பொறுப்பான அந்த மனிதர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவருடைய தொந்தி அவருக்கு ஒரு விநாடி முன்னால் வந்துகொண்டிருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் வேலையாட்களை மேற்பார்க்கும் தற்காலிகக் கணக்கப்பிள்ளை. வயது இருபத்தொன்று. தவணை முடிய எட்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை தோட்ட நிர்வாகியான பெரிய துரை நாற்றுமேடையைப் பார்த்துவிட்டு, என்னை நிரந்தரமாக்குவதா, என் ஊரான பதுளைக்கே திருப்பி அனுப்புவதா என்று தீர்மானிப்பார்.

நாற்றுமேடை என்பது பொலித்தீன் பைகளில் மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒற்றை இலையோடு ஒரு தேயிலைத் தண்டு நட்ட வரிசைகள். ஆடிக் காற்றில் பைகளின் மேல்மண் காய்ந்து வெடித்தது. நான் ஒரு துண்டுப்பிரசுரம் படித்திருந்தேன் (ஒன்றே ஒன்று; ஆனால் இரண்டு முறை). மண்ணை மூடி வைத்தால் ஈரம் நிற்கும், அதற்கு மூடாக்கு என்று பெயர் என்றது அது. புல் போடலாம் என்றால், அந்த வறட்சியில் அறுத்த புல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மாடுகளுக்கே போதவில்லை. அப்போதுதான் எனக்குத் தொழிற்சாலைக் கழிவுத்தூளின் ஞாபகம் வந்தது. காம்பும் நாருமாகச் சும்மா கிடக்கிறதே.

காலையில் டீ மேக்கரிடம் கேட்டேன்.

"பின் கதவுகிட்ட இருக்கு தம்பி. ரெண்டு மூட்டை எடுத்துக்குங்க. கொஞ்சம் நில்லுங்க, வந்து காட்டுறேன்."

நான் நிற்கவில்லை. (காத்து நிற்பது கணக்கப்பிள்ளைக்கு அழகில்லை என்று நினைத்த காலம்.) தூள் அடைக்கும் பலகைப் பெட்டிகள் வந்து சேராததால் அந்த வாரம் நல்ல தூளையும் சாக்கில் கட்டி அதே கதவருகே வைத்திருந்தது எனக்குத் தெரியாது. பதுளைக் கடைவீதியில் வளர்ந்தவன் நான். தேயிலையைக் கோப்பைக்குள் மட்டுமே அறிந்திருந்தேன்.

நாற்றுமேடையில் ஆறு பெண்கள் வேலை செய்தார்கள். மூத்தவர் முத்தம்மா. மூட்டையை அவிழ்த்ததும் குனிந்து முகர்ந்தார்.

"ஐயா, இதையா போடணும்?"

"ஆமா."

"இதத்தானுங்களா?"

"ஆமான்னு சொல்றேனே."

"நல்லா பாத்துட்டீங்களா ஐயா?"

"முத்தம்மா, நீங்க படிச்சீங்களா, நான் படிச்சேனா?"

"நீங்கதாங்க படிச்சீங்க."

பின்னால் ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. முதல் வரிசைக்குத் தூவி முடிக்கும்வரை கைகட்டி நின்று பார்த்துவிட்டு, வயிறாரச் சாப்பிடப் போனேன்.

மூன்று பத்துக்கு டீ மேக்கர் மூச்சு வாங்கினார். "முதல்தரத் தூள் ரெண்டு மூட்டை காணோம் தம்பி. நாலரைக்கு லொறி ஸ்டேஷனுக்குப் போகணும். வாச்சருங்கள அனுப்பி லயத்துல வீடு வீடா சோதிக்கப் போறேன். எவ கையில தூள் இருந்தாலும் இன்னையோட வேலை போச்சு. பொலிசுக்கும் சொல்லணும்."

ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது: வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் யோசித்தேன். ஆறு பெண்களின் விரல்களிலும் அந்தத் தூள் ஒட்டியிருக்கும் என்ற இடத்தில் யோசனை நின்றது.

"மூட்டை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றேன். "பைக்கு மேல."

"எந்தப் பைக்கு மேல?"

"எல்லாப் பைக்கும். ரெண்டாயிரம் இருக்கும்."

டீ மேக்கர் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பி நாற்றுமேடைக்கு அழைத்துப்போனேன். அந்தக் கால் மைல் தூரத்தில் நான் மனதுக்குள் பதுளைக்குத் திரும்பி, அப்பாவின் கடையில் பத்து வருடம் துணி கிழித்தும் முடித்தேன்.

பைகள் எல்லாம் மூடித்தான் இருந்தன. ஆனால் தூளால் அல்ல, நிழல்மரத்துக் காய்ந்த சருகால். மர நிழலில் இரண்டு மூட்டைகள், ஒன்று பிரிக்காதது, மற்றதன் வாய் கிழிசல் சேலைத் துண்டால் கட்டியது. அவற்றைச் சுற்றி ஆறு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்கன்னு ஒரு வரிசை போட்டோங்க," என்றார் முத்தம்மா. "நீங்க போனதும் நிறுத்திட்டோம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மூணு தடவ கேட்டேனுங்களே."

"எனக்காவது கொண்டாந்து குடுத்திருக்கலாமே," என்றார் டீ மேக்கர்.

"தூக்கிக்கிட்டு வந்தா திருடுனதுன்னு சொல்லுவீங்க. அதான் சுத்தி உக்காந்துட்டோம்."

இருபத்தொரு வயது அதிகாரி ஒருவன் சருகு மேல் உட்கார்ந்து சிரிப்பதை அந்தப் பெண்கள் கவலையோடு பார்த்தார்கள்.

லொறி நாலே முக்காலுக்குப் போனது. முதல் வரிசைத் தூள் மண்ணில் கொட்டிப்போனது என்று எழுதிய டீ மேக்கர், யார் கொட்டியது என்று எழுதவில்லை. வெள்ளிக்கிழமை பெரிய துரை சருகை விலக்கி விரலால் ஈரம் பார்த்தார். இது யாருடைய யோசனை என்று கேட்டார். முத்தம்மாவின் பெயரைச் சொன்னேன் (மூன்றாம் முறை கேட்ட பிறகு). என் வேலை நிரந்தரமானது.

இப்போதும் நான் வீட்டில் ஏதாவது பிடிவாதம் பிடித்தால், மனைவி அடுப்படியிலிருந்து, "நீங்கதாங்க படிச்சீங்க," என்பாள். பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள்.

அவர்களுக்குச் சொன்ன கதையில் ஒரு விவரம் இல்லை. மூட்டைகள் கிடைத்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு நான் மட்டும் போய் முதல் வரிசையைப் பார்த்தேன். அறுபது பைகளிலும் புதுச் சருகு பரப்பியிருந்தது. விலக்கிப் பார்த்தேன். தூள் இல்லை; விரல்களால் வழித்தெடுத்த தடம் மட்டும் மண்ணில் இருந்தது.