பெண் கேட்கப் போன பல்

"இன்னும் உயரமா இருக்கு டாக்டர்" என்றார் கிபூக்கா.

ஊருக்கு இருந்த ஒரே பல் டாக்டர் பல்லை மறுபடி ராவினார். வேர்ச் சிகிச்சை முடிந்த முன்பல் குழிக்குள் இறங்க ஓர் உலோக முளை, அதன் தலையில் ஒரு பல். இரண்டும் ஒரே துண்டாகக் கம்பாலாவிலிருந்து வார்த்து வந்திருந்தன. அளவெடுத்தபோது வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தவர் கிபூக்காதான். பொருந்தத்தான் இல்லை.

"இப்ப?"

"இப்ப ஆடுது."

"சிமெண்ட் கொஞ்சம் கூடுதலா வைக்கிறேன். கடிச்சுச் சாப்பிடாதீங்க."

"சாப்பாடு கிடக்கட்டும். நாளைக்கு அண்ணன் பையனுக்குப் பொண்ணு கேக்கப் போறோம். எங்க பக்கம் பேசப் போறது நான்தான்."

"தாராளமா பேசுங்க."

மறுநாள் காலையில் மசித்த மத்தோக்கே வாழைக்காயைத்தான் வாயில் வைத்தார். பல் தட்டுக்கு வந்துவிட்டது.

"இதைக் கூடவா கடிக்க முடியல?" என்றாள் மனைவி நலுபேகா.

"கடிக்கவே இல்லடி. முழுங்கினேன்."

டாக்டர் போனை எடுக்கவில்லை. நலுபேகா முளையில் சூயிங்கம் சுற்றி அழுத்தினாள். பல் நின்றது; மேலுதடும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. கம்மைப் பிய்த்துவிட்டு நூல் சுற்றினாள். பல் துருத்திக்கொண்டு நின்றது.

"அவங்க மாப்பிள்ளையைப் பாப்பாங்களா, உங்க பல்லைப் பாப்பாங்களா?"

"வாலுகெம்பே பாப்பான்."

வாலுகெம்பே பெண்வீட்டுப் பேச்சாளர். எதிராளி தடுமாறினால் அப்படியே பேசிக் காட்டிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். கூட்டம் மூன்று தடவை சிரித்தால் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் வாசலுக்கு வெளியே போய் மறுபடி வரவேண்டும். போன மாதம் ஒரு குடும்பம் போவதும் வருவதுமாக இருந்ததில், பெண்ணின் அப்பா சலித்துப்போய்ப் பந்தலையே பிரித்துவிட்டார். கல்யாணம் அதோடு சரி.

வெள்ளை அங்கி, மேலே கோட்டு. கிபூக்கா பெண்வீட்டில் போட்டிருந்த பந்தலில் எழுந்தார். உதடு அசையாமல், "வ்ணக்கம். வந்துர்க்கோம்" என்றார்.

எதிர்ப் பந்தலில் வாலுகெம்பே கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு, "வ்ங்க. எதுக்கு வந்துர்க்கீங்க?" என்றார்.

கூட்டம் லேசாகச் சிரித்தது. ஆரம்பித்துவிட்டான் என்று கிபூக்காவுக்கு அலுப்பாக வந்தது.

"உங்க வ்ட்டுல ஒரு பூச்செடி பாத்தோம்" என்று, பெண்ணை வழக்கப்படி மறைமுகமாகக் குறிப்பிட்டார்.

"எந்தச் ச்செடி?"

இப்போது பலத்த சிரிப்பு.

"சித்தப்பா, வெளிய போகச் சொல்லிடுவாங்க" என்று பின்னாலிருந்து மாப்பிள்ளை அழாக்குறையாக முனகினான்.

கிபூக்காவுக்குப் போதும் என்றாகிவிட்டது. வாயை முழுசாகத் திறந்தார்.

"ஐயா! என்னைக் கேலி பண்ணணும்னா ஆயுசு பூரா பண்ணிக்குங்க. பையனுக்குப் பொண்ணைக் குடுத்துட்டுப் பண்ணுங்க!"

பல் பறந்துபோய்ப் பெண்வீட்டுப் பாயில் விழுந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. வாலுகெம்பே எழுந்து வந்து அதைக் குனிந்து எடுத்தார். நூலைப் பிரித்தார். முளையை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை இறக்கி, தன் வாயில் ஆடிக்கொண்டிருந்த முன்பல்லை இரண்டு விரலால் முளையோடு உருவி எடுத்து நீட்டினார்.

"பொண்ணைத் தர்றோம், கிபூக்கா ஐயா. உங்க பல்லையும் பிடிங்க. ஆனா என் பல்லை இப்படி ராவித் தள்ளினது யாரு?"