பீரோவில் பூட்டிய பன்னிரண்டு படங்கள்

அன்புள்ள மச்சான் பீட்டர் அவர்களுக்கு,

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து தாஸ் எழுதிக்கொள்வது. தேவ தயவால் நாங்கள் இருவரும் சுகம். ராபர்ட்சன்பேட்டையில் தாங்களும், தங்கள் முழங்கால் உட்பட எல்லோரும் சுகமென்று நம்புகிறேன்.

விஷயம் தங்கள் தங்கை பிரிசில்லாவைப் பற்றியது. எங்கள் கல்யாண வெள்ளி விழாவை முன்னிட்டு இந்திராநகரில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுக்க ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னாள். நம் சபையில் வெள்ளி விழாத் தம்பதியின் படத்தை மாத இதழில் போடுவது வழக்கமாதலால், நான் கல்யாணக் கோட்டை எடுத்து, பொத்தானை இரண்டு விரற்கடை தள்ளித் தைத்து, ரோஜா மாலை இரண்டும் வாங்கிக்கொண்டு கூடவே போனேன். படம் எடுக்கும் ஷ்ரேயா என்ற பெண் என்னையும் மாலைகளையும் பார்த்து, "அங்கிள், இது பூத்வார் ஷூட். ஆன்ட்டிக்கு மட்டும்தான். நீங்க கீழ காஃபி ஷாப்ல வெயிட் பண்ணுங்க" என்றாள். "நான் இல்லாம என்னம்மா வெள்ளி விழா?" என்றேன். தங்கள் தங்கை, "மானத்த வாங்காம போய் உக்காருங்க" என்றாள். மாலைகளோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் யார் இறந்தது என்று விசாரித்தார்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். பூத்வார் என்றால் ஒரு பெண் தனியே இருப்பதற்கான அறையாம்; அந்த அறைக்குள் மட்டும் உடுத்துகிற குறைந்த உடையில் எடுப்பதுதான் அந்தப் படமாம். இந்த வீட்டில் அப்படி ஓர் அறை இருந்ததே இல்லை. இல்லாத அறையில் எடுத்த பன்னிரண்டு படங்களுக்கு நாற்பத்தெட்டாயிரம் ரூபாய், அவளுடைய சேமிப்பிலிருந்து. எங்கள் கல்யாணப் படக்காரர் இருநூறு படம் எடுத்துவிட்டுக் கொஞ்சம் பணமும் பிரியாணியும் மட்டுமே வாங்கிக்கொண்டு போனார். அவற்றில் பதினொன்றில் தாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றாலும், எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

ஆல்பம் வந்த அன்று, "இவ்ளோ காசுக்கு எத்தன படம்?" என்றுதான் கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. "பன்னெண்டு. அதானே ஒங்களுக்கு வேணும்? தெரிஞ்சிடுச்சில்ல, போங்க" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். முன்பின் தெரியாத ஷ்ரேயா பார்த்திருக்கிறாள்; பிரிண்ட் போட்டவன் பார்த்திருப்பான்; கட்டிய புருஷன் பார்க்கவில்லை. சபைச் செயலாளரோ ஞாயிறுதோறும், "பிரதர், ஃபோட்டோ எங்க?" என்கிறார். இன்னும் காயவில்லை என்று ஆலய வாசலிலேயே பொய் சொல்லும்படி ஆகிவிட்டது.

பலனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மார்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் நிலைக்கண்ணாடிமேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தது தங்களுக்குத் தெரியாது. ஒரு வருஷமாக நான் எவர்சில்வர் தட்டைப் பார்த்துத்தான் சவரம் செய்தேன். தட்டில் மூக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அந்தத் துண்டை நான் எடுக்கவுமில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை. ஸ்டூடியோவிலிருந்து வந்த மறுநாள் அவளே எடுத்துத் துவைத்துப் போட்டாள். ஆனால் துண்டை எடுக்க நாற்பத்தெட்டாயிரமா, மச்சான்? தாங்கள் சனிக்கிழமை அவசியம் புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் அவளுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லி, பீரோ சாவியையும் வாங்கித் தர வேண்டும்.

தங்கள் இல்லத்தில் சமாதானமும், முழங்காலில் பலமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை
தாஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பிரிசில்லா இதை வாங்கிப் படித்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். பீரோவைத் திறந்து ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் இன்னும் மூன்றாவது படத்தைத் தாண்டவில்லை. விலை சரிதான். தாங்கள் சனிக்கிழமை வர வேண்டாம். வீட்டில்தான் இருப்போம், இருந்தாலும் வர வேண்டாம்.