அறுபதில் ஓடும் பெட்டி

மூணாறு,
எஸ்டேட் லயம்.

அன்புள்ள மச்சினன் வினோவுக்கு,

பவுல்ராஜ் அத்தான் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அக்கா ஞானஜோதியும் மகள் சோனாவும் பனிக்கு நடுவே சுகம். சித்தூர் வெயிலில் நீயும் பிள்ளைகளும் வாடாமல் இருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் நீ ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு நழுவிவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது டிவி கேம் பெட்டியில் ஆடிய கார் ரேஸில் வழக்கம்போல் என்னிடம் தோற்றுவிட்டு, லயத்து ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் என்ன சொன்னாய்? "அத்தான், உங்க பெட்டி மாட்டு வண்டி. அதுல யாரு வேணா ஜெயிக்கலாம். எங்க ஊட்டுப் பெட்டி ஜப்பான்ல இருந்து வந்ததுங்க, அதுல ஓட்டிக் காட்டுங்க!" சித்தூருக்குப் போனதும் உன் வாயில் 'வீடு' 'ஊடு' ஆகிவிட்டது, அது போகட்டும். அந்த மாட்டு வண்டியை வளைகுடாவிலிருந்து வாங்கிவந்து தந்ததே நீதான் என்பதும் மறந்துவிட்டதே! அன்றைக்கு எனக்குக் கேக் இறங்கவில்லை.

போன மாசம் சோனா லீவுக்கு வந்ததும் இதைச் சொன்னேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவள் அல்லவா, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா சொல்றது நெசம்தாம்ப்பா. இந்தப் பெட்டி செகண்டுக்கு அம்பது படம் காட்டுது. கேமு அறுபதுக்குச் செஞ்சது. அதான் மெதுவா ஓடுது, மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை விழுது. அறுபதாக்கிரட்டுமா?" என்றாள். தேயிலை ஃபாக்டரியில் இத்தனை வருடம் ஃபிட்டராக இருக்கிற நான் விடுவேனா? "கரண்டே செகண்டுக்கு அம்பது சுத்துலதான் வருது. அறுபதுக்கு எங்க போவ? மோட்டார் கருகிப் போயிரும் புள்ள!" என்றேன். "கரண்டு வேற, படம் வேறப்பா. இதுல மோட்டாரே கெடையாது" என்றாள். இருந்தாலும் ஒரு வாளி மணலோடு பக்கத்தில் நின்றேன். எறும்புக் கால் அளவுக்கு இருந்த சிப்பின் ஒரு காலை நிமிர்த்தி, அதில் வயரைப் பற்றவைத்து, பெட்டியின் பின்பக்கம் குட்டி சுவிட்ச் ஒன்று பொருத்தினாள். மேலே தள்ளினால் அறுபது, கீழே தள்ளினால் ஐம்பது. அவள் ஒரு சொட்டு ஈயம் சிந்தவில்லை மச்சினா! சிந்தியதெல்லாம் என் வாளி மணல்தான். போட்டதும் கறுப்புப் பட்டை போய் டிவி முழுக்கப் படம் நிறைந்தது. கார் பறந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் மகளாக்கும்" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் நாள் மட்டும் கொஞ்சம் சறுக்கல். வளைவுக்கு வளைவு பள்ளத்தில் விழுந்தேன். பாட்டு வேறு கோழி துரத்துகிற வேகத்தில் ஓடியது. மறுநாளிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது. புது எஞ்சின் ஓடி ஓடித்தானே பதம் வரும்? பாட்டு நிதானமானது, கார் கைக்கு அடங்கியது. கறுப்புப் பட்டை மறுபடி தெரிகிறது. அது டிவிக்கு வயசானதால். இப்போது அறுபதிலும் என்னை ஜெயிக்க லயத்தில் ஆள் இல்லை. கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வா. எல்லார் முன்னாலும் தோற்றுவிட்டு, மாட்டு வண்டி என்று சொன்னது தப்பு என்று உன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போ.

உன் குடும்பத்தைக் கர்த்தர் காப்பாராக. உன் விரல்களுக்கும் கொஞ்சம் பெலன் தருவாராக.

இப்படிக்கு,
சாம்பியன் பவுல்ராஜ்

பி.கு.: கவரை ஒட்டுமுன் சோனா இதை வாங்கிப் படித்தாள். கறுப்புப் பட்டை மறுபடி வந்த இடத்தில் நிறுத்தி, எழுந்து போய்ப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சுவிட்ச் கீழ்ப்பக்கம் தள்ளி, ஐம்பதில் கிடக்கிறது. உன் அக்காவைக் கேட்டால், "ஆமா, நாந்தான் மறுநாளே தட்டி விட்டேன். தோத்துட்டுச் சோறு திங்காம மொகத்தத் தூக்கி வச்சிருந்தா நான் என்ன செய்ய?" என்கிறாள். இப்போது மேலே தள்ளி ஓட்டிப் பார்த்தேன். பள்ளம்தான். மகள் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. அதை மட்டும் நம்பு. கிறிஸ்துமஸ் சமயம் இங்கே குளிர் ஜாஸ்தி, ஜீப்பும் கிடைக்காது. நீ ஈஸ்டருக்கு வா.