குவைத்திலிருந்து வந்து பார்த்தவர்

என் மனைவி ஷாமிளாவைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்புவதில்லை என்று தீர்மானித்தேன். எங்கள் வீட்டில் தீர்மானிக்கும் வேலை மட்டும்தான் எனக்கு. தேயிலைக் கொழுந்து பறிப்பது, சமைப்பது, அச்சாறு ஊறுகாய் போடுவது எல்லாம் அவள்தான்.

எங்கள் தோட்டம் றக்வானைக்கு மேலே. பாதி மலை காடாகிவிட்டது. தேயிலைக்குள் இப்போது நிரந்தரத் தொழிலாளி காட்டுப்பன்றிதான். ஃபாக்டரியைப் பூட்டிவிட்டார்கள். மகள் நிரோஷா டவுனில் ஏ.எல். வகுப்புப் படிக்கப் பணம் வேண்டும். மேல் லயத்து வரிசைவீட்டு ஜெயம்மா குவைத் போய் வந்தவள். போவதற்கு முன் ஓயாமல் பேசுவாள். வந்த பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அவளிடம்தான் ஷாமிளா தினமும் போய் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ போக வேணாம் புள்ள. உன் அச்சாறை இன்டர்நெட்டுல விக்கப்போறேன்" என்றேன்.

"லயத்துலயே விக்கலைங்க."

"லயத்துல நாக்கு செத்துப்போச்சு. உலகம் பெருசு."

பெல்மதுளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் றினாஸ் இணையதளம் அமைத்துத் தந்தான். யார் வந்து பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கருவி ஒன்றையும் அதில் பூட்டினான். எளிமையாகச் சொல்கிறேன். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கங்காணி நின்று, வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுவார். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். இதுவும் ஒரு கங்காணி. வந்தவர் எந்த ஊர், எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்றெல்லாம் சொல்லிவிடும். ஏன் வந்தார் என்று மட்டும் சொல்லாது.

முதல் வாரமே கொழும்பிலிருந்து கூட்டம் குவிந்தது.

"ஷாமிளா! கொழும்பே நம்ம வாசல்ல நிக்குது!"

"நிக்கிறவங்கள்ல ஒருத்தரையாவது ஒரு போத்தல் வாங்கச் சொல்லுங்க."

றினாஸிடம் ஓடினேன். அவன் திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அஜந்தன் மச்சான், இதை நீங்க ஒரு நாளைக்கு எத்தன தரம் தொறந்து பாக்கிற?"

"கணக்கே இல்ல. லயத்துல எல்லாரையும் பாக்கச் சொல்லியிருக்கேன்."

"நீங்க மலைல ஈந்து பாத்தாலும் ஃபோன் கம்பனி கொழும்புல தானே ஈக்கி. இது கொழும்புண்டுதான் காட்டும்."

இதை வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அதாவது, நீங்களே கடையத் தொறந்து, நீங்களே உள்ள போயி, நீங்களே பேரும் போட்டுக்கிட்டீங்க" என்றாள் ஷாமிளா.

எங்கள் ஃபோனைக் கணக்கில் சேர்க்காதபடி றினாஸ் மாற்றிக் கொடுத்தான். லயத்துக்காரர்களுக்கும் அலுத்துவிட்டது. கங்காணி வெறும் களத்தில் நின்றார். பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். அடைமழையில்கூடப் பெரட்டுக்கு நாலு பேர் வருவார்கள்.

அப்போதுதான் குவைத் வந்தது.

குவைத்தில் எனக்கு யாருமில்லை. ஆகவே அது நானாக இருக்க முடியாது. அந்த ஆள் தினமும் வந்தார். விலைப் பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஷாமிளா அடுப்படியில் நிற்கும் படத்திடமே நின்றார்.

"பெரிய வியாபாரி! சுத்தம் எப்படின்னு சோதிக்கிறாரு" என்றேன்.

"அப்ப சுத்தத்தைக் காட்டுங்க. நான் பாத்திரம் விளக்குறது, வீடு கூட்டுறது எல்லாம் வீடியோ எடுத்துப் போடுங்க."

"அச்சாறுக்கும் வீடு கூட்டுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கூட்டாத வீட்டு அச்சாறை நீங்க வாங்குவீங்களா?"

நியாயம்தான். எடுத்துப் போட்டேன். கீழே நானே எழுதினேன்: 'கை சுத்தமானவர். விடியுமுன் எழும்புவார். சோர்வே தெரியாது. கோபமே வராது.' கடைசி வாக்கியத்தை எழுதும்போது அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். வேறு வழியில்லை.

அன்றைக்குக் குவைத் நெடுநேரம் நின்றது.

"குவைத்துல இருந்து ஆர்டர் வந்தா, நான் கேக்குற ஒண்ணுக்கு மறுப்புச் சொல்லக் கூடாது" என்றாள்.

"ஒண்ணு என்ன, பத்து கேளு!"

"ஒண்ணு போதும். ரோதை முனி மேல சத்தியம் பண்ணுங்க."

ரோதை முனி, ஃபாக்டரி இயந்திரங்களைக் காக்கும் சாமி. ஃபாக்டரியைப் பூட்டியவர்கள் சாமியைப் பூட்டவில்லை. பொய்ச் சத்தியம் செய்தால் இப்போதும் கை கால் போகும். ஒரு ஃபிரிட்ஜ் கேட்பாள் என்று நினைத்தேன். சூடம் கொளுத்திச் சத்தியம் செய்தேன்.

மறுவாரம் அவள் ஃபோன் அடித்தது. "யெஸ் மேடம்" என்றாள்.

"ஆர்டரா?"

"ஆமாங்க. குவைத்து."

"எத்தன போத்தல்?"

"போத்தல் இல்லீங்க." அவள் என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். "ஜெயம்மா அக்காவுக்குத் தெரிஞ்ச நல்ல வீடு. சமைக்க ஆள் தேடினாங்க. நம்ம பக்கத்தை அனுப்பி வச்சேன். நீங்க எழுதினதை யாரோ அரபியில படிச்சுக் காட்டினாங்களாம். மேடத்துக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சாம்."

வாயைத் திறந்தேன். ரோதை முனி மூடிவிட்டார்.

"நான் போறேன். நிரோஷாவ நேரத்துக்கு பஸ் ஏத்தி விட்டுருங்க" என்றாள். அவள் கேட்ட ஒன்றில் அதுவும் அடக்கம்.

இப்போது அச்சாறு போட ஆளில்லை. கங்காணி மட்டும் வேலை செய்கிறது. குவைத்திலிருந்து ஒருவர் இன்னும் தினமும் வருகிறார். விலைப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் அடுப்படிப் படத்தைத்தான் பார்க்கிறார். மேடம் அல்ல. அதனால் தினமும் நானே கூட்டி, நானே விளக்கி, புதுப் படம் எடுத்துப் போடுகிறேன்.

நேற்று அங்கிருந்து ஒரு வரி வந்தது:

"அடுப்புக்குக் கீழ கூட்டலை. இன்னைக்கு உங்களுக்கு அரைப் பேர்தான்."