முக்கொம்பில் நான் காப்பாற்றிய டாக்டர்

என் வாழ்நாளில் நான் ஒரே ஓர் உயிரைத்தான் காப்பாற்றியிருக்கிறேன். அந்த உயிருக்கு அன்று எந்த ஆபத்தும் இல்லை. நான் போய்ச் சேர்கிற வரைக்கும் இல்லை. அவர் ஒரு டாக்டர் என்பதையும், எனக்குப் பரீட்சை வைக்கத்தான் அங்கே வந்திருந்தார் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு அன்று கிடைத்த அதிர்ச்சி உங்களுக்கும் எதற்கு?

ஐம்பதுகளின் கடைசி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா வேலை. வயது இருபத்திரண்டு, உடம்பு சைக்கிள் பம்ப் பருமன். முசிறிப் பக்கம் வாழைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு மலை என்றால் திருச்சி மலைக்கோட்டைதான். (அதிலும் நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து போவேன்.) அப்படிப்பட்டவனுக்கு இமயமலை போக வேண்டும் என்று ஆசை வந்தது. காரணம், என் மேஜைக்கு எதிரே தொங்கிய காலண்டர். அதில் பனி மூடிய ஒரு மலை. கூட்டல் போடும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். கூட்டல் தப்பும். மறுபடி அதைப் பார்ப்பேன்.

எங்களில் சிலர் சேர்ந்து ஒரு நடைக்குழு வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சைமலை, கொல்லிமலை என்று கிளம்பிவிடுவோம். அந்த வருஷம் இமயமலைக்கே போவதாக ஏற்பாடாயிற்று. இருந்த இடங்களையெல்லாம் சீனியர்கள் பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் ஒரே ஓர் இடம். அது முதலுதவிக்காரருக்கு. காட்டு முதலுதவிப் பரீட்சையில் தேறியவர்தான் அதில் போகலாம்.

முதலுதவி வகுப்பில் பலர் சேர்ந்திருந்தாலும், அந்த இடத்துக்குப் போட்டி போட்டவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் லேத் பிரிவில் இருந்த இப்ராஹிம், பாலக்கரைக்காரன், என் உயிர் நண்பன். ஒருவரை ஒருவர் 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவோம். வகுப்பு நடந்த ஆறு வாரமும் அவன் எப்போது தும்முவான், எப்போது காய்ச்சல் வந்து படுப்பான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

பாடம் நடத்தியவர் ஃபோர்மேன் தேவசகாயம் சார். குரல் ஒர்க்‌ஷாப் சங்கு மாதிரி.

"காட்டுல ஆஸ்பத்திரி கிடையாது, ஆம்புலன்ஸ் கிடையாது. கைக்குக் கிடைச்சதுதான் கட்டு. வேட்டியோ, துண்டோ, கொம்போ, எதுவா இருந்தாலும் எடு!" என்பார்.

அதிர்ச்சிக்கு ஆளானவனின் அறிகுறிகளை எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரியும். முகம் வெளுத்திருக்கும். உடம்பு ஈரமாய்ச் சில்லிட்டிருக்கும். உதடு துடிக்கும். கேட்டதற்குப் பதில் வராது. சிகிச்சை: படுக்க வை, காலை உயர்த்து, போர்த்து, நினைவிருந்தால் சூடாக இனிப்பு டீ கொடு. "அடிபட்டவன் எனக்கு ஒண்ணுமில்லேம்பான், போ போன்னு விரட்டுவான். நம்பிடாதீங்க" என்றும் சார் சொல்லியிருந்தார். இதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.

முதல் நாள் முதல் பாடமாக அவர் சொன்னது வேறொன்று. "தொடறதுக்கு முன்னாடி, நீ யாருன்னு சொல்லு. தொடலாமான்னு கேளு." இதெல்லாம் ஒரு பாடமா என்று நான் எழுதிக்கொள்ளவே இல்லை.

செய்முறைப் பரீட்சையைக் காவிரிக்கரையில் முக்கொம்பில் வைத்தார்கள். ரிட்டையர் ஆன ஒர்க்‌ஷாப் ஆட்கள் நோயாளிகளாக நடிப்பார்கள். நெற்றியில் சிவப்பு மையைப் பூசிக்கொண்டு, தோப்பில் எங்கேயாவது ஒளிந்திருப்பார்கள். என்ன அடி என்று எழுதிய சீட்டு அவர்கள் சட்டைப் பையில் இருக்கும். இரண்டிரண்டு பேராகப் போய் ஒரு நோயாளியைக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்ய வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர் மத்தியான பஸ்ஸில் வந்து மார்க் போடுவார்.

"ஏமாந்துடாதீங்க. போன வருஷம் நம்ம ஆளு ஒருத்தர் கிளி ஜோசியக்காரர் வேஷத்துல உக்காந்திருந்தாரு. நாலு பேரு ஜோசியம் பாத்துட்டுப் போயிட்டானுங்க!" என்று எச்சரித்து அனுப்பினார் சார். என்னைக் கெடுத்தது அந்தக் கிளிதான்.

அன்று ஏகாதசி. அந்த டாக்டர் மத்தியான பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் காலை பஸ்ஸிலேயே வந்து, காவிரியில் நீராடி, ஜபத்தை முடித்துவிட்டுப் பரீட்சைக்கு வரலாம் என்று ஆற்றோரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். இது எங்கள் யாருக்கும் தெரியாது. அவரை நாங்கள் பார்த்ததும் கிடையாது.

நானும், தன் டீ ஃபிளாஸ்கும் சர்க்கரைப் பொட்டலமுமாக இப்ராஹிமும் தோப்பைச் சுற்றிக்கொண்டு வந்தபோது அவர் கண்ணில் பட்டார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பன்னிரண்டு திருமண், பஞ்சகச்சம், தலையில் ஈரம் சொட்டுகிறது. பட்டினியில் முகம் வெளுத்திருக்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது. உதடு துடிக்கிறது, சத்தம் வரவில்லை. வலது கை மட்டும் அங்கவஸ்திரத்துக்குள் மறைந்திருக்க, துணிக்கு அடியில் விரல்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன.

ஜபம் செய்கிறவர்கள் விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டு, அந்தக் கையைத் துணியால் மூடி வைத்துக்கொள்வார்கள். காவிரிக்கரையில் வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் எனக்குப் புல்லரித்தது. 'ஆகா, எப்பேர்ப்பட்ட வேஷம்!' என்று நினைத்தேன்.

"ஐயா, பேரென்ன? எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

"ம்ம்! ம்ம்ம்!" என்று இடது கையை வீசினார்.

பதில் வரவில்லை. விரட்டுகிறார். இரண்டும் சரி. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"மாப்ளே, அவரு ஜபம் பண்றாருடா. வா போயிடலாம்" என்றான் இப்ராஹிம்.

"ஜபம் பண்ற மாதிரி நடிக்கிறாருடா. போன வருஷம் கிளி, இந்த வருஷம் இது."

"சட்டைப் பையில சீட்டு இருக்கும்னாங்களே? இவருக்குச் சட்டையே இல்லியே."

"ஆத்துல விழுந்திருக்கும். நாமதான் கண்டுபிடிக்கணும்."

"சரி, கேட்டுட்டாவது தொடுடா."

"அடிபட்டவன்கிட்ட போய் பர்மிஷன் கேப்பாங்களா? நீ ஃபிளாஸ்கை வச்சுட்டு ஓடிப்போய் ஸ்ட்ரெச்சர் கொண்டா!"

அவன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான். போட்டிக்காரனை அனுப்பிவிட்டு நோயாளியை முழுசாக எனக்கே வைத்துக்கொண்டதில் எனக்குப் பரம திருப்தி.

கட்டுக்குத் துணி வேண்டுமே! பக்கத்துக் கிளையில் அவர் துவைத்துப் போட்ட மடி வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. எட்டு முழம். கைக்குக் கிடைத்ததுதான் கட்டு. பல்லால் ஓரத்தைக் கடித்து, குறுக்காக ஒரே இழுப்பு, சர்ரென்று கிழித்தேன். பெரியவரின் கண் அப்போதுதான் முழுசாகத் திறந்தது. நினைவு திரும்புகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

வலது கையில் எலும்பு முறிவு என்று தீர்மானித்து, மரத்தில் சாத்தியிருந்த அவருடைய குடையையே கை அசையாதபடி சிம்பாக வைத்துக் கட்டினேன். குடையின் வளைந்த பிடி அவர் காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதற்கு மேல், கழுத்தில் மாட்டிய முக்கோணத் துணியில் ஒரு தூக்குக் கட்டு. திமிறினார். ஒல்லியான பெரியவர்தான், ஆனால் நல்ல பலம். எனக்குப் பலமில்லை, ஆனால் இமயமலை இருந்தது. மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால்களைச் சேர்த்துக் கட்டி, பாதங்களை மரவேரின் மேல் தூக்கி வைத்தேன். மீதி வேட்டியால் கழுத்துவரை போர்த்தினேன்.

கடைசியாக டீ. ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றி, மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினேன். இனி ஜபமாவது ஒன்றாவது என்று அவர் என்னைத் திட்டுவதற்காக வாயைத் திறந்திருக்கிறார். எனக்கு அது அப்போது புரியவில்லை. டீ கொடுக்க வாய் திறந்தால் போதாதா? ஊற்றிவிட்டேன். ஒரு வாய் உள்ளே போனது.

அவர் என்னைப் பார்த்த பார்வையை அதற்கப்புறம் நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. கோபம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர் திரும்பி வந்து பார்க்கையில் கதவு திறந்து கிடந்தால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி.

அப்போது இப்ராஹிம் மூச்சு வாங்க ஓடி வந்தான். பின்னால், தோளில் ஸ்ட்ரெச்சரோடு தேவசகாயம் சார்.

"மாப்ளே, நம்ம பேஷன்ட் ஃபிட்டர் கோவிந்தன் அண்ணன்டா! வாழைக்கு அந்தாண்ட கிடந்தாரு. கட்டுப் போட்டுட்டேன். பையில சீட்டும் இருக்கு" என்றவன், கீழே பார்த்தான். "அப்ப இவரு யாருடா?"

பதில் சார் வாயிலிருந்து வந்தது. "ஐயையோ! டாக்டர்!"

சார் கட்டை அவிழ்க்கப் பாய்ந்தார். டாக்டர் "ம்ம்!" என்று தடுத்தார். தானே எழுந்து உட்கார்ந்து, இடது கையால் சொம்பை எடுத்து வாய் கொப்பளித்தார். ஆயிரத்தெட்டு ஜபம். எண்ணிக்கை விட்டுப்போயிருக்கிறது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து தொடங்கினார். நான் போட்ட தூக்குக் கட்டுக்குள்ளேயே அவர் விரல்கள் எண்ண ஆரம்பித்தன.

முக்கால் மணி நேரம்! மற்ற மாணவர்களும் சிவப்பு மை நோயாளிகளும் ஒவ்வொருவராக வந்து வளையமாக நின்றுகொண்டார்கள். பிக்னிக் வந்த ஒரு குடும்பம் ஏதோ உற்சவம் என்று நினைத்துக் குழந்தைகளோடு உட்கார்ந்துகொண்டது. நடுவே டாக்டர், காதோரம் குடைப்பிடி. எதிரே நான்.

எனக்கு உள்ளங்கை சில்லிட்டது. உதடு துடித்தது. கோவிந்தன் அண்ணன் என்னிடம் ஏதோ கேட்டார், பதில் வரவில்லை. இப்ராஹிம் என் முகத்தைப் பார்த்தான். ஸ்ட்ரெச்சரிலிருந்த கம்பளியை எடுத்து, "மாப்ளே, போத்தலாமா?" என்று கேட்டுவிட்டு எனக்குப் போர்த்தினான். (கேட்டுவிட்டு!)

ஒருவழியாக ஜபம் முடிந்தது. டாக்டர் கண்ணைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை: "கட்டை யாரும் அவிழ்க்கப்படாது. நான் பாக்கணும்."

முடிச்சை இழுத்துப் பார்த்தார். "முடிச்சு நன்னாயிருக்கு. விரல் நுனி வெளியிலே தெரியறது, அதுவும் சரி. குடை நீளம் ஜாஸ்தி. டீயிலே எத்தனை சர்க்கரை?"

"மூ... மூணு ஸ்பூன், ஐயா."

"புஸ்தகத்திலே ரெண்டு." சொம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். "முப்பது வருஷமா ஏகாதசியிலே ஒரு வாய் தீர்த்தம்கூட உள்ளே போனதில்லே. போகட்டும், அதைப் பெருமாள்கிட்டே நான் சொல்லிக்கறேன். நீ எனக்கு ஒண்ணு சொல்லு. தொடறதுக்கு முன்னாடி கேட்டியோ?"

"இல்லீங்க ஐயா."

"கேட்டிருந்தா வேண்டாம்னு தலையை ஆட்டியிருப்பேன். ஜபத்திலே தலையை ஆட்டலாம். கையை வீசினேன், அதையும் நீ வியாதியிலே சேத்துண்டுட்டே."

மார்க் காகிதத்தை வாங்கி இடது கையால் எழுதினார். கட்டு: நூற்றுக்குத் தொண்ணூறு. நோயாளி: பூஜ்யம். தேறவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். உண்மையைச் சொன்னால், அன்று அழுதது இமயமலைக்காகத்தான். அந்தப் பெரியவரின் விரதத்துக்காக வெட்கப்பட எனக்கு இன்னும் சில வருஷம் வேண்டியிருந்தது. அது வந்தபோது ஒரு புது வேட்டியோடு ஸ்ரீரங்கம் போனேன். வாங்கிக்கொண்டார். உள்ளே போய், நான் கிழித்த முக்கோணத் துணியைத் துவைத்து மடித்தபடி கொண்டுவந்து கொடுத்தார். "மறந்துடப்படாதுன்னு வச்சிருந்தேன். இனிமே நீ வச்சுக்கோ" என்றார்.

இமயமலைக்கு இப்ராஹிம்தான் போனான். திரும்பி வந்ததும் ஜங்ஷனிலிருந்து நேராக என் ரூமுக்கு வந்து ஃபிளாஸ்கை நீட்டினான். "உனக்காகப் பனி எடுத்தாந்தேன் மாப்ளே." திறந்து பார்த்தோம். வெதுவெதுப்பாகத் தண்ணீர் இருந்தது. ஆளுக்குப் பாதி குடித்தோம். டீ வாசனை அடித்தது. அதே ஃபிளாஸ்க்.

கல்யாணத்துக்கு முன்பே இந்தக் கதையை இப்ராஹிம் என் மனைவியிடம் சொல்லிவிட்டான். விளைவு, தலைப்பிரசவத்துக்கு இடுப்பு வலி எடுத்தபோது அவள் பக்கத்து வீட்டுக்காரியை எழுப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "உங்ககிட்ட சொன்னா கட்டிப் போட்டுடுவீங்க" என்றாள். என் பிள்ளைகள் மூவரும் காய்ச்சலை என்னிடம் மறைத்தே வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், தந்தி கொண்டுவருபவரானாலும் சம்பந்தியானாலும், டீ தம்ளரை நீட்டும் முன் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஏகாதசி இல்லையே?"

போன ரம்ஜான் மாதத்தில் இப்ராஹிம் தன் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தான். மத்தியான வெயில். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, சோபாவில் பேசாமல் சாய்ந்தான். என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, வழக்கம்போல, "அண்ணே, ஏகாதசி இல்லையே?" என்றாள்.

"ஏகாதசி இல்லம்மா, நோன்பு" என்றான். என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை மெதுவாக எடுத்து, மடித்து, தனக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.