கீறல் விழாத டிரையர்

ஒரு காட்டில் ஆண்டில் பாதி நாள் மழை. மீதிப் பாதி நாள், மழை வந்துவிடுமோ என்ற பயம். அங்கே ஒரு பாறைப் பொந்தில் சடையப்பன் என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி மரகதமும் குடியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்த கையோடு மரகதத்தின் அப்பா சீராக ஒரு டிரையர் அனுப்பினார். துவைத்த துணியை உள்ளே போட்டால், சூடான காற்றில் சுழன்று காய்ந்து வரும். அந்தக் காட்டில் வேறு யாருக்கும் சீரில் டிரையர் வந்ததில்லை. நரி வீட்டுக்கு மிக்ஸிதான் வந்தது.

முள்ளம்பன்றி வீட்டில் எதுவும் வழவழப்பாக நீடிப்பதில்லை. சுவர், கதவு, பீரோ எல்லாவற்றிலும் கோடுகள். வெள்ளை வெளேரென்ற டிரையரைப் பார்த்ததும் சடையப்பனுக்குக் கவலைதான் வந்தது. பெயர் சூட்டுவதற்கு மாமனார் வருவார். குழந்தையைப் பார்ப்பார், டிரையரையும் பார்ப்பார். எதை முதலில் பார்ப்பார் என்று சொல்ல முடியாது.

மறுநாளே தையல்சிட்டிடம் சொல்லி உறை தைத்து வாங்கினான். வெளியே ரெக்ஸின், உள்ளே பஞ்சு, தரை வரைக்கும் லேஸ். டிரையர் கதவு இருக்கும் இடத்தில் மட்டும் பொத்தான் வைத்த ஒரு ஜன்னல். துணியை அந்த ஜன்னல் வழியாகத்தான் போட வேண்டும். உறையைக் கழற்றக் கூடாது. டிரையரைத் தாண்டிப் போகும்போது சடையப்பன் முட்களை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தான். மரகதத்தைத் தாண்டிப் போகும்போது அப்படி நடந்ததில்லை.

கொஞ்ச நாளில் டிரையர் சூடாவதை நிறுத்திவிட்டது. உருளை சுற்றியது, விளக்கு எரிந்தது, வேலை முடிந்ததும் மணிகூட அடித்தது. துணி மட்டும் ஈரமாகவே வந்தது. குழந்தைக்கு இருமல் பிடித்தது. டாக்டர் ஆந்தை அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

"மருந்து எழுதித் தர்றேன். ஆனா காஞ்ச துணிதான் இதுக்கு மருந்து. சளி உள்ள இறங்கிடுச்சுன்னா அப்புறம் என் கையில இல்ல" என்றார்.

கம்பெனியிலிருந்து மெக்கானிக் கோதண்டம் வந்தான். குரங்கு. உறையைப் பார்த்ததும் கருவிப் பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"சார், இது எங்க தைச்சீங்க?"

"தையல்சிட்டுகிட்ட. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"உள்ள பஞ்சா?"

"ரெண்டு அடுக்கு."

"எங்க வீட்டு பிரிட்ஜுக்கு இப்படி ஒண்ணுதான் தேடிட்டு இருக்கேன்."

இருவரும் சேர்ந்து உறையைக் கழற்றி மடித்து வைத்தார்கள். கோதண்டம் பின்பக்க மூடியைத் திறந்து, நகத்தளவு இருந்த ஒரு பொருளை எடுத்துக் காட்டினான்.

"ஃபியூஸ் சார். சூடு அளவுக்கு மேல போனா இது அறுந்து, மெஷினைக் காப்பாத்திடும். தியாகி."

புதியதை மாட்டி ஓட்டினான். குழந்தையின் துணி ஒன்று காய்ந்து வந்தது. மரகதம் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஆண்கள் இருவரும் உறையை மறுபடி போட்டார்கள். கோதண்டம் குனிந்து லேஸை நேராக இழுத்துவிட்டான்.

மாலைக்குள் டிரையர் மறுபடி குளிர்ந்தது. மறுநாள் கோதண்டம் வந்து பார்த்தபோது புதிய தியாகியும் உயிரை விட்டிருந்தது.

"கண் திருஷ்டியா இருக்குமோ?" என்றான் சடையப்பன்.

"இருக்கலாம் சார்" என்று கோதண்டம் இன்னொன்றை மாட்டினான்.

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த மரகதம் எழுந்து வந்தாள். "பின்னாடி சல்லடை மாதிரி இருக்கே, அது எதுக்கு?"

"காத்து உள்ள போறதுக்குக்கா."

"அதைத்தான் கவர் மூடிடுதே."

கோதண்டம் சடையப்பனைப் பார்த்தான். சடையப்பன் கூரையைப் பார்த்தான்.

"மூடத்தான் செய்யுது" என்றான் கோதண்டம். "காத்து போகலன்னா சூடு ஏறிடும். சூடு ஏறினா இது அறுந்துடும்."

"அப்ப கவரைக் கழட்டிட்டு ஓட்டினா?"

"காலத்துக்கும் ஓடும்கா." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆனா கீறல் விழுமே."

"இது உனக்கு நேத்தே தெரியுமா?"

"தெரியும்கா. இவ்வளவு நல்ல கவரை எப்படிக் கழட்டச் சொல்றது?"

அவன் போன பிறகு மரகதம் கணவன் பக்கம் திரும்பினாள். "புள்ள இருமுதுங்க."

"ஞாயித்துக்கிழமை உங்கப்பா வர்றார். அவர் பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் கழட்டிக்கலாம்."

"ஒரு கோடு விழுந்தா எங்கப்பா உங்களைக் கடிச்சுத் தின்னுடுவாரா?"

"குடுத்ததை வச்சுக்கத் தெரியலம்பார். நரி வீட்டு மிக்ஸிக்கு அப்படித்தான் சொன்னாங்க."

அதுவரை டிரையரை ஓட்டவே வேண்டாம் என்று முடிவு செய்து, அவன் வேலைக்குப் போகாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடிகள், கொடி முழுக்க ஈரத் துணி. அவற்றுக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்து டிரையரிடம் போனார். உறையைத் தூக்கினார். நாலு பக்கமும் தடவிப் பார்த்தார்.

"ஒரு கோடு இல்ல" என்றார். "மாப்பிள்ளை பொருளை வச்சுக்கத் தெரிஞ்சவர்."

சடையப்பனின் முட்கள் பெருமையில் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அப்போது குழந்தை இருமியது. மாமனார் அதைத் தூக்கினார். சுற்றியிருந்த துணியைத் தொட்டார்.

"மரகதம், கிளம்பும்மா. நம்ம வீட்டுல அடுப்பு இருக்கு. அடுப்புக்கு மேல ஒரு கொடி இருக்கு. மழை விடட்டும்."

"அப்ப டிரையர், மாமா?"

"அது இங்கயே இருக்கட்டும் மாப்பிள்ளை. உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

பெயர் சூட்டுவதைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவர்களை அழைத்துப் போனார்.

வீடு காலியான மூன்றாம் நாள் சடையப்பன் உறையைக் கழற்றினான். மறந்து விட்டுப்போன ஒரு சின்னத் துணி கொடியில் தொங்கியது. அதை டிரையரில் போட்டு ஓட்டினான். துணி சுடச்சுடக் காய்ந்து வந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு போன் செய்தான்.

"மரகதம், நல்லா சூடாகுது."

"அப்படியா. இங்க இருமல் நின்னுடுச்சு" என்றாள் அவள். "காயப்போட அங்க இன்னும் ஏதாவது இருக்கா?"

சுற்றிலும் பார்த்தான். கொடிகள் மட்டும் இருந்தன.

டிரையர் ஆறும் வரை காத்திருந்து, துடைத்து, உறையைப் போட்டான். குனிந்து லேஸை நேராக இழுத்துவிட்டான்.

நீதி: வீட்டுச் சாதனங்கள் என்றும் புதிதாக இருக்க, குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு உறையைப் போட்டு வைக்கவும்.